செத்தும் கொடுக்கும் செல்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியத்தில் பதனிட்ட தோலில் வருடக்கணக்கில் கைவைத்தவர்கள் சிலருக்குக் கை சிவந்து, அரித்து, வெடிக்கும். கெமிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது அவர்களுடைய சொந்த டி செல்கள். நோய்க்கிருமியை அடிக்க வேண்டிய இந்த வெள்ளையணுக்கள், குரோமியம் ஊறிய சருமத்தையே எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்கின்றன. குரோமியம் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அடங்கும். முழு உடம்பையும் எதிரியாகக் குறித்துக்கொண்டால்?

வேலூர் சிஎம்சியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. தலசீமியா குழந்தைக்கு அண்ணனோ அக்காவோ தரும் ஸ்டெம் செல்லோடு அவர்களுடைய டி செல்களும் சேர்ந்தே வரும். சிலருக்கு அவை புது உடம்பை அந்நியமாக நினைத்துப் பாயும். உள்ளங்கையில் செந்தடிப்பு, அடங்காத வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை. முதலில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஸ்டாக்ஹோமில் அப்படிக் கிடந்த 9 வயதுச் சிறுவனுக்கு, தாயின் மஜ்ஜையிலிருந்து மெசன்கைமல் ஸ்டெம் செல்களை எடுத்து, வளர்த்து, ரத்த நாளம் வழியே ஏற்றினார்கள். தாய்க்கும் மகனுக்கும் திசுப் பொருத்தம் பாதிதான். ஆனாலும் குடலும் கல்லீரலும் தேறின. 2004இல் இது வெளிவந்தபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்த செல்கள் புதுக் குடலாக வளர்ந்துவிட்டன என்று நினைக்கத் தோன்றும். இல்லை. ஏற்றிய செல்களில் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, சில நாட்களிலேயே காணாமல் போகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் வைத்துப் பார்த்தால், அழற்சியின் வாடை பட்டதுமே இவை ஐடிஓ என்ற நொதியை உருவாக்குகின்றன. டி செல் பெருகத் தேவையான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை அந்த நொதி தீர்த்துவிடுகிறது. சரி, செல்லே போனபின் பலன் எப்படி நீடிக்கிறது? 2017இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தந்த விடை விசித்திரமானது. நோயாளியின் கொல்லணுக்களே வந்த செல்களைக் கொல்கின்றன. சடலங்களைத் தின்ற விழுங்கணுக்கள் தாமே ஐடிஓவை உருவாக்கிச் சண்டையை அடக்குகின்றன. யாருடைய ரத்தத்துக்கு இவற்றைக் கொல்லும் திறன் இருந்ததோ அவர்களுக்குத்தான் சிகிச்சை பலித்தது. செத்தும் கொடுத்த சீதக்காதியே தோற்றார்!

2024 டிசம்பரில் அமெரிக்கா மெசன்கைமல் செல் மருந்து ஒன்றை முதன்முறையாக அனுமதித்தது. ஸ்டீராய்டுக்கு மசியாத குழந்தைகளுக்கு மட்டும். பெரும்பாலும் பெரியவர்களை வைத்து முன்பு நடந்த சோதனை இலக்கை எட்டவில்லை. இவ்வளவு குறுகலான வாசல்தான் அங்கே இதுவரை திறந்திருக்கிறது.

ஆனால் ஆட்டிசம் முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரங்கள் வருகின்றன. மஜ்ஜை மாற்று போன்ற நிறுவப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, நோயாளிக்கு ஸ்டெம் செல் தருவது அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல். யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், நிலத்தையோ நகையையோ அடகுவைக்கும் முன் அந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.