குற்றாலத்தில் குளித்தபின் பரோட்டா ஏன் அவ்வளவு ருசிக்கிறது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். அருவியில் ஆட்டம் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு செங்கோட்டை அருகே பிரானூர் 'பார்டர்' பரோட்டாக் கடைகளுக்குக் குடும்பத்தோடு படையெடுப்பது பலருக்கும் வழக்கம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அந்தப் பழைய எல்லைதான் இந்த 'பார்டர்'.

பரோட்டாவும் சால்னாவும் நம்ம ஊரிலும்தான் கிடைக்குது. அங்கே மட்டும் ஏன் தனி ருசி? முதல் காரணம், பசி. குளிர்ந்த நீரில் நனையும்போது, சூட்டைக் காக்க உடல் கூடுதல் சக்தியைச் செலவிடுகிறது. கரையேறியதும் வயிறு கேட்கிறது.

இரண்டாவது, வாசனை. மணத்தை அறியும் மூளைப் பகுதி, நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளோடு நேரடியாக இணைந்திருக்கிறது. பல வருஷம் கழித்து எங்கோ சால்னா மணத்தாலும், "இன்னொண்ணு வைக்கச் சொல்லட்டுமாடா?" என்ற அப்பாவின் குரல் காதில் கேட்பது அதனால்தான்.

"எனக்கு எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லும் பாட்டியை இந்த சீசனில் வீட்டில் விட்டுவிடாதீங்க. காரம் ஒத்துக்காட்டி இட்லி வாங்கிக் கொடுங்க. பரோட்டா அடுத்த வருஷமும் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட பாட்டி இருக்கணுமே!