படகு வாங்கப் போன கதை

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் குடும்பங்கள் நமது சங்கத்தில் இப்போது அதிகம். போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் இந்த இதழில் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது படகு வாங்குவதைப் பற்றி. "நாக்பூர்க்காரனுக்குப் படகு எதற்கு ஐயா?" என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பிள்ளை மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் இருந்தால் இந்த வழக்கு ஒருநாள் உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும்.

என் மகன் இருப்பது மினியாபொலிஸின் புறநகர் ஒன்றில். மினசோட்டாவில் கார் நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று எழுதியிருக்கும். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 என்பது அந்த மாநிலத்தின் கணக்கு. தன் பெருமையைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குளிர்காலம் முழுவதும் ஏரிகள் உறைந்து கிடக்கும். மே மாதம் வந்தால் ஊரே தண்ணீரில்தான்.

2024 கோடையில் நானும் என் மனைவியும் போனபோது வீட்டில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. மகனுக்குப் பதினான்கு அடி அலுமினியப் படகு வேண்டும், மீன் பிடிக்க. மருமகளுக்கு இருபது அடி பான்டூன் வேண்டும், குடும்பத்தோடு போக. "மாமா, நீங்களே சொல்லுங்க. நீங்க இன்ஜினியர், நீங்க சொன்னா அவர் கேட்பார்" என்றாள் மருமகள். ரயில்வேயில் பாலங்கள் பிரிவில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். மருமகள் மாமனாரை நடுவராக வைத்தால் என்ன செய்வது என்பது டிப்ளமா பாடத்திட்டத்தில் இல்லை.

இரண்டும் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அலுமினியப் படகு நம் ஊர்ப் படகின் உருவம்தான். மெல்லிய தகட்டை வளைத்து, ரிவெட் அடித்தோ வெல்டிங் செய்தோ கட்டியது. குறுக்கே மூன்று பலகை, பின்னால் சிறிய மோட்டார். போர் விமானங்கள் கட்டிய அமெரிக்கக் கம்பெனியான கிரம்மன், இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அதே அலுமினியத்தில் துடுப்புப் படகு செய்து விற்றது. மினசோட்டாவிலேயே நியூயார்க் மில்ஸ் என்ற சிற்றூரில் 1948இல் தொடங்கிய 'லண்ட்' படகுகள் இன்றும் பிரசித்தம்.

பான்டூன் வேறு ஜாதி. மூடிய இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் ஒரு தட்டையான மேடை, சுற்றிலும் வேலி, உள்ளே சோபா, மேலே பந்தல். வீட்டுத் திண்ணை தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். மினசோட்டாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் வீரஸ் என்ற விவசாயி 1952இல் இரும்புக் குழாய்களின் மேல் மரமேடை போட்டுச் செய்ததுதான் இதன் ஆரம்பம் என்கிறார்கள். தத்துவம் நமக்குப் புதிதல்ல. 2025இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்குப் போனவர்கள் பீப்பாய்ப் பாலங்களில் நடந்திருப்பீர்கள். முப்பது பாலங்கள் போட்டிருந்தார்கள். அந்தப் பீப்பாய்க்கு மோட்டார் வைத்தால் பான்டூன்! இரட்டை உடல் படகுகளை ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்கிறார்கள். அது நம் கட்டுமரம் என்ற சொல்தான். கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது, ஆனாலும் பெயர் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். பான்டூன் குழாயின் விட்டம் ஏறத்தாழ இரண்டடி, நீளம் இருபதடி. ஒரு குழாயின் கனஅளவு கால் குறைய இரண்டு கனமீட்டர் என்றெல்லாம் குழப்பாமல் நேராகச் சொன்னால், இரண்டு குழாய்களும் முழுக்க அமுங்க மூன்றரை டன் எடை வேண்டும். படகு, மோட்டார், எட்டு ஆட்கள் எல்லாம் சேர்த்து ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல்தான் வரும். ஆக, குழாய்கள் சுமாராகப் பாதிதான் அமுங்கும். மீதிப் பாதி நமக்குச் சேமிப்பு.

அடுத்தது ஆட்டம். நாக்பூர்–சிந்த்வாரா குறுகிய பாதை ரயிலில் 2015க்கு முன் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 762 மில்லிமீட்டர் பாதையில் வண்டி ஆடும் ஆட்டத்தையும், 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் உட்காரும் சுகத்தையும் அறிவீர்கள். சிறிய படகின் அகலம் ஐந்தடி, பான்டூனின் அகலம் எட்டரை அடி. அதோடு, சிறிய படகின் வெற்று எடை நூறு கிலோ சொச்சம்தான். அதில் எழுபது கிலோ மனிதர் ஒருவர் எழுந்து ஓரமாக நகர்ந்தால் படகு அவர் சொன்னபடி கேட்காது. ஒரு பக்கம் சாயும். பான்டூனில் எழுந்து நடக்கலாம். ஆனால் எல்லோரும் போட்டோவுக்காக முன் மூலையில் கூடினால் அங்கேயும் மேடை தாழ்ந்து தண்ணீர் ஏறும். அதைச் சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் ஆறு பேர். மகனுக்கு நீச்சல் தெரியும். எனக்குச் சிறுவயதில் காவிரியில் கற்றது உண்டு, முப்பது வருடமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. மற்ற நால்வருக்கும் தெரியாது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் மாற்று மூட்டு. அந்த நாட்டில் இருபது அடிக்குக் குறைந்த ஒற்றை உடல் மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைசக்தி என்று தகடு அடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். மகன் பார்த்து வைத்திருந்த படகின் தகட்டில் நான்கு பேர் என்று இருந்தது.

"தேவைப்பட்டா ரெண்டு ட்ரிப் அடிக்கலாம்ப்பா" என்றான்.

"முதல் ட்ரிப்புல யாரு, ரெண்டாவது ட்ரிப்புல யாருன்னு இப்பவே சொல்லிடுப்பா" என்றாள் என் மனைவி.

இதுவரை படித்தவர்கள் தீர்ப்பு பான்டூனுக்கே என்று நினைப்பீர்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன், அவனுடைய காரின் கையேட்டைப் புரட்டும்வரை. அந்தக் கார் இழுக்கக்கூடிய எடை 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. பான்டூனும் மோட்டாரும் டிரெய்லரும் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. "மெதுவா இழுத்துட்டுப் போனா போச்சு" என்றான். ரயில்வேக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. சுமையை இழுத்துவிடலாம், இறக்கத்தில் நிறுத்துவதுதான் பாடு. பிரேக் சக்தி போதாமல் சரக்கு வண்டியை ஒரு அடி நகர்த்தவிடாத உத்தியோகத்தில் இருந்தவர்கள் நாம். போதாக்குறைக்கு அவன் வீடு ஏரிக்கரையில் இல்லை, அந்தக் குடியிருப்பில் டிரெய்லரை வாசலில் நிறுத்தவும் அனுமதி இல்லை. பதினான்கு அடி கராஜுக்குள் போகும், இருபது அடி போகாது. பான்டூன் வாங்குவதென்றால் பெரிய காரும், படகை நிறுத்த வாடகை இடமும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று மினடோங்கா ஏரியில் அரைநாள் பான்டூன் வாடகைக்கு எடுத்தோம். என் மனைவி பிளாட்பாரத்திலிருந்து பெட்டிக்குள் ஏறுவதுபோல் கைத்தாங்கல் இல்லாமல் நடந்து ஏறினாள். தயிர்சாதம் சாப்பிட்டோம். பேத்தி தூங்கினாள். ஒரு குறையும் இல்லை, திரும்பிக் கரைசேரும்வரை. மாலையில் காற்று எழுந்தது. அந்தப் பந்தலும் வேலியும் பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொள்ள, துறையில் அணைய மகன் மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

நான் சொன்ன யோசனை இது. அவன் வருடத்தில் முப்பது நாற்பது நாள் விடியற்காலையில் மீன் பிடிக்கப் போவான். ஆறு பேரும் சேர்ந்து போவது நாங்கள் அங்கே இருக்கும்போது மூன்று நான்கு நாள். நாங்கள் போவதோ மூன்று வருடத்துக்கு ஒருமுறை. எங்களுக்காக அவன் வருடம் முழுவதும் ஒன்றரை டன் இழுக்க வேண்டியதில்லை. சிறிய படகை வாங்கட்டும், எல்லோரும் போகும் நாளுக்குப் பான்டூனை வாடகைக்கு எடுக்கட்டும். இதைச் சொன்னபோது என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாடகைன்னாலும் அந்தப் பந்தல் வச்சதுதான் எடுக்கணும்" என்றாள்.

பழைய படகு பார்க்கப் போனதுதான் எனக்குச் சொந்த வேலைபோல் இருந்தது. பாலத்து கர்டரில் ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்த கை இது. அலுமினியப் படகில் தட்ட வேண்டாம், இன்னும் எளிய வழி உண்டு. டிரெய்லரில் இருக்கும்போதே படகுக்குள் ஹோஸால் சில அங்குலம் தண்ணீர் விட்டு, வெளியே எங்கே சொட்டுகிறது என்று குனிந்து பாருங்கள். முதல் படகில் ஏழு ரிவெட் சொட்டியது. விற்பவர் "இதெல்லாம் சகஜம்" என்றார். மோட்டார் மாட்டும் பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். மோட்டாரைப் பிடித்து ஆட்டினால் பலகையும் சேர்ந்து ஆடக்கூடாது. அந்தப் படகில் ஆடியது. மூன்றாவதாகப் பார்த்த படகைத்தான் வாங்கினோம். பான்டூன் பார்ப்பவர்கள் மேடைப் பலகை உளுத்திருக்கிறதா, ஒரு குழாய் மற்றதைவிடத் தாழ்ந்து மிதக்கிறதா என்று பார்க்கவும். தாழ்ந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

மகனுக்கு நான் போட்ட நிபந்தனைகள் கறாரானவை. படகில் எழுந்து நிற்கக்கூடாது. லைஃப் ஜாக்கெட்டைப் பலகைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டிருக்க வேண்டும். மினசோட்டாவில் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் அணிவது கட்டாயம், பெரியவர்களுக்குப் படகில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். ஆனால் 2023இல் அமெரிக்காவில் படகு விபத்துகளில் நீரில் மூழ்கி இறந்தவர்களில் நூற்றுக்கு 87 பேர் அதை அணிந்திருக்கவில்லை என்பது அவர்களுடைய கடலோரக் காவல்படையே கொடுத்த கணக்கு. மே மாதத் தண்ணீர் அங்கே பனி உருகிய தண்ணீர், நீச்சல் தெரிந்தவனுக்கும் மூச்சு அடைக்கும். மீல் லாக்ஸ் என்று ஒரு ஏரி இருக்கிறது, ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழமோ பதின்மூன்று மீட்டர்தான். ஆழமில்லாத பரந்த நீரில் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும். அங்கே இந்தப் படகைக் கொண்டுபோகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

2025 கோடையில் பேரன் முதல் மீனைப் பிடித்த போட்டோ வந்தது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன், இருந்தது. படகு ஓட்டப் பரீட்சை எழுதி அனுமதி பெறும் சட்டம் அங்கே அந்த ஆண்டில் தொடங்கி, வயதுவாரியாக 2028க்குள் என் மகன் வயதுக்காரர்களையும் எட்டுகிறது. மருமகள் இப்போதே எழுதித் தேறிவிட்டாள், அவன் இன்னும் எழுதவில்லை. அவள் பான்டூன் விளம்பரங்களைப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. "ஏரிக்கரையில் வீடு வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்று போனில் சொன்னேன். இப்போது வீட்டு விளம்பரங்களும் பார்க்கிறாளாம். மகன் என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.