விதையில் கட்டியா? வெட்கப்பட்டு மறைக்காதீர்!
வலி இல்லாத கட்டிதான் ஆபத்து. யுவராஜ்சிங்கைப் படுக்கப்போட்ட நோயின் பங்காளி

தேனி,

பல்வலி வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே புலம்புகிற வாலிபன், விதையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பெற்ற தாயிடமும் சொல்வதில்லை. கட்டிய மனைவியிடமும் சொல்வதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர் ஆகட்டும், திராட்சைப் பந்தலில் நிற்கிறவர் ஆகட்டும், தப்பித்தவறிக் கூட்டாளியிடம் சொல்லிவிட்டால் உடனே வைத்தியம் தயார்.

"சூடு பிடிச்சிருக்கும்டா. எண்ணெய் தேச்சுக் குளி, சரியாப் போயிரும்!"

இன்னொருவர், "மூட்டை தூக்குனதுல குடல் இறங்கியிருக்கும்" என்பார். இப்படியே மாதங்கள் ஓடிவிடும்.

ஓதமா, கட்டியா?

விதைப்பையில் வரும் வீக்கமெல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் நீர் கோர்த்த ஓதமாகவோ, குடலிறக்கமாகவோ, கிருமியால் வந்த வீக்கமாகவோ இருக்கும். ஆனால் விதையிலேயே பட்டாணி போலக் கெட்டியாக ஓர் உருண்டை. தொட்டால் வலியே இல்லை. அப்போதுதான் உஷாராக வேண்டும். சிலருக்கு உருண்டை தெரியாது. ஒரு பக்கம் மட்டும் கனமாகத் தொங்கும்.

கிழவர்களை அல்ல, 15 முதல் 40 வயது வரை உள்ளவர்களைத்தான் இந்த நோய் அதிகம் பிடிக்கிறது. நம் நாட்டில் இது அபூர்வம். ஆனாலும் குழந்தையில் விதை கீழே இறங்காமல் வயிற்றிலேயே தங்கியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

யுவராஜ் கதை

2011 உலகக் கோப்பையின்போதே யுவராஜ்சிங் இருமிக் கொண்டிருந்தார். அதோடு ஆடி, தொடர் நாயகன் விருதும் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, இரண்டு நுரையீரலுக்கும் நடுவே கட்டி!

அவருக்கு வந்தது விதையில் அல்ல. ஆனால் ரகம் ஒன்றே. கருவில் குழந்தை வளரும்போது விதைக்குப் போய்ச் சேரவேண்டிய செல்கள் சில, வழி தவறி நெஞ்சில் தங்கிக் கட்டியாகும் என்பது டாக்டர்கள் கருத்து.

2012 தொடக்கத்தில் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் அவருக்கு மருந்து ஏற்றப்பட்டது. அங்கே அவரைக் கவனித்தவர் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன். லேசுப்பட்ட ஆள் அல்ல. 1974-ல் ஜான் கிளீலண்ட் என்ற வாலிபருக்கு விதைப் புற்றுநோய் நுரையீரல் வரை பரவி, மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட நிலையில், சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பிழைக்க வைத்தவர் இவர்தான். அன்றுமுதல் இந்த நோயின் தலையெழுத்தே மாறியது. பரவாமல் கண்டுபிடித்தால் இன்று நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

யுவராஜும் 2012 செப்டம்பர் 11-ந் தேதி சென்னை சேப்பாக்கத்தில் மட்டையுடன் இறங்கினார். 34 ரன்!

ஆண்மை போய்விடுமா?

இந்தப் பயம்தான் பலரைத் தடுக்கிறது. ஒரு விதையை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் குழந்தைக்கும் அதுவே போதும். மருந்து ஏற்றுவதற்கு முன் விந்தைச் சேமித்து வைக்கவும் வழி உண்டு.

சோதனையும் பெரிய சங்கதி இல்லை. கையால் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள், வலிக்காது. ரத்தம் எடுப்பார்கள். சந்தேகம் உறுதியானால் விதையை எடுக்கத் தொடையிடுக்கின் மேலேதான் கீறுவார்கள். விதைப்பையில் ஊசி குத்திப் பார்ப்பதில்லை. நோய் பரவும் வழி மாறிவிடும் என்பதால். லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவரிடம் ஸ்கேனும் கிடையாது, ரத்தச் சோதனையும் கிடையாது.

திடீரென்று ஒரு பக்கம் உயிர் போகும் வலி, வாந்தி என்றால் சங்கதியே வேறு. விதை முறுக்கிக் கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் விதை பிழைக்க வாய்ப்பு அதிகம். நடுராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான்.

கட்டிக்கு அந்த அவசரம் இல்லை. ஆனால் இந்த வாரமே போக வேண்டும். கம்பம், போடி, உத்தமபாளையத்திலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சீட்டுப் போடுகிற இடத்தில் கூட்டத்துக்கு முன்னால் விவரம் சொல்லக் கூச்சமா? "சர்ஜரி டாக்டரைப் பாக்கணும்" என்றால் போதும். மற்றதை அறைக்குள் டாக்டரிடம் சொல்லிக் கொள்ளலாம்.