சொந்தப் பேருந்து இல்லாமல் வளர்ந்த பேருந்து நிறுவனம்

தீபாவளிக்கு ஊர் திரும்ப விரைவுப் பேருந்து டிக்கெட் தேடி அலையாத பல்கலைக்கழக மாணவர் நம்மில் எத்தனை பேர் இருப்பர்? சொந்த வாகனம் இல்லை. விமான டிக்கெட் வாங்கக் கையில் பணம் இல்லை. கையில் உள்ள சில ரிங்கிட்டுக்கு நம்மை வீடு சேர்ப்பது பேருந்துதான். இது நம் நாட்டு மாணவர்களுக்கு மட்டும் உரிய நிலை அன்று. உலகின் பல நாடுகளிலும் பேருந்து என்பது மாணவர்களின் வாகனம், வேலை தேடிச் செல்வோரின் வாகனம், வயதானவர்களின் வாகனம்.

இத்தகைய பயணிகளை நம்பி ஜெர்மனியின் மியூனிக் நகரில் தோன்றிய நிறுவனம்தான் ஃபிளிக்ஸ்பஸ். 2013ஆம் ஆண்டு தன் முதல் பேருந்துகளைச் சாலைக்கு அனுப்பிய இந்நிறுவனம், 2024ஆம் ஆண்டிற்குள் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் கால் பதித்துவிட்டது. வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், ஐரோப்பாவில் பச்சை வண்ணம் பூசி இதன் பெயரைத் தாங்கி ஓடும் பேருந்துகளில் கிட்டத்தட்ட எதுவுமே இதற்குச் சொந்தமில்லை! பேருந்து இல்லாமல் பேருந்து நிறுவனம் நடத்துவது எப்படி? அந்த மலிவு விலைக்கு உண்மையில் யார் விலை கொடுக்கிறார்கள்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூட்டிக் கிடந்த கதவு

ஃபிளிக்ஸ்பஸ்ஸின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள முதலில் ஜெர்மனியின் சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1930களில் அந்நாட்டு அரசு தன் இரயில்வேயைப் பாதுகாக்க நினைத்தது. இரயில் ஓடும் தடத்தில் தொலைதூரப் பேருந்து ஓடினால் பயணிகள் பிரிந்துவிடுவர் என்பதால், அத்தகைய பேருந்துகளுக்கு உரிமம் கிடைப்பது மிகவும் அரிதாக்கப்பட்டது. போர் முடிந்து, நாடு இரண்டாகப் பிரிந்து, மீண்டும் ஒன்றாகச் சேர்ந்த பின்னரும் இந்தக் கட்டுப்பாடு நீடித்தது. பெர்லினுக்குச் செல்லும் பேருந்துகள் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே இருந்தன. எனவே உள்நாட்டில் நகர் விட்டு நகர் செல்ல விரும்பிய ஜெர்மானிய மாணவருக்கு இரண்டே வழிகள்: ஒன்று இரயில், இன்னொன்று பிறர் காரில் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு செல்வது.

கதவைத் தட்டிய மாணவர்கள்

இந்தப் பூட்டை முதலில் அசைத்தவர்கள் மாணவர்கள் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. 2009ஆம் ஆண்டு மூன்று மாணவர்கள் 'டைன்பஸ்' என்ற பெயரில் ஒரு சேவையைத் தொடங்கினர். ஒரே ஊருக்குச் செல்ல விரும்புவோர் இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். போதுமான பேர் சேர்ந்ததும் ஒரு பேருந்து வாடகைக்கு எடுக்கப்படும். கார் பகிர்வதைப் போலப் பேருந்தைப் பகிர்வது! இது சட்டத்தை மீறிய செயல் என்று கூறி, அரசுக்குச் சொந்தமான மாபெரும் இரயில் நிறுவனமான டாய்ச்ச பான் நீதிமன்றம் சென்றது. 2011ஆம் ஆண்டு ஃபிராங்க்பர்ட் நீதிமன்றம் மாணவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

அரசும் தன் பங்குக்குச் சட்டத்தைத் திருத்தியது. 2013 ஜனவரி 1 முதல் தொலைதூரப் பேருந்துச் சந்தை திறந்துவிடப்பட்டது. நகரப் போக்குவரத்தும் வட்டார இரயில்களும் பாதிக்கப்படாமலிருக்க இரு நிபந்தனைகள்: நிறுத்தங்களுக்கிடையே 50 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும், அத்துடன் வட்டார இரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் செல்லக்கூடிய பயணமாக இருக்கக் கூடாது. 2013இல் ஏறத்தாழ 8 மில்லியன் பேர் தொலைதூரப் பேருந்துகளில் பயணம் செய்தனர். 2015இல் அந்த எண்ணிக்கை 20 மில்லியனைத் தாண்டியது.

ஆனால் கதவைத் திறந்தவர்கள் வீட்டுக்குள் வாழவில்லை. டைன்பஸ் 2014ஆம் ஆண்டு திவால் நிலைக்குச் சென்றது. இது ஏன் நேர்ந்தது?

ஐந்து யூரோ போர்

சந்தை திறந்தவுடன் பலரும் உள்ளே புகுந்தனர். அஞ்சல் துறைப் பெருநிறுவனமும் வாகன ஓட்டிகள் சங்கமும் சேர்ந்து ஒரு சேவையைத் தொடங்கின. பிரிட்டனின் நேஷனல் எக்ஸ்பிரஸ் 'சிட்டி2சிட்டி' என்ற பெயரில் வந்தது. பெர்லினில் மைன்ஃபெர்ன்பஸ் முன்னணியில் நின்றது. மியூனிக்கில் ஆந்த்ரே ஷ்வெம்லைன், யோகன் எங்கர்ட், டானியேல் கிராவ்ஸ் ஆகிய மூன்று நண்பர்கள் 2011இல் தொடங்கிய நிறுவனமே ஃபிளிக்ஸ்பஸ்.

எல்லாரும் விலையைக் குறைத்தனர். ஐந்து யூரோவுக்கெல்லாம் டிக்கெட் விற்கப்பட்டது. பயணிகளுக்குக் கொண்டாட்டம், நிறுவனங்களுக்கோ திண்டாட்டம். சிட்டி2சிட்டி 2014இல் மூடப்பட்டது. 2015 ஜனவரியில் ஃபிளிக்ஸ்பஸ்ஸும் மைன்ஃபெர்ன்பஸ்ஸும் ஒன்றாக இணைந்தன. 2016இல் மெகாபஸ்ஸின் ஐரோப்பியக் கண்டப் பிரிவும், அஞ்சல் துறையின் போஸ்ட்பஸ்ஸும் அடுத்தடுத்து ஃபிளிக்ஸ்பஸ்ஸின் கைக்கு வந்தன. நான்கே ஆண்டுகளில் ஜெர்மனியின் தொலைதூரப் பேருந்துச் சந்தையில் 90 விழுக்காட்டிற்கும் மேல் ஒரே நிறுவனத்திடம் சேர்ந்துவிட்டது. நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் முதலீட்டாளர்கள் யாருக்குப் பின்னால் நின்றார்களோ அவர்களே நிலைத்தனர். முதலில் துணிந்தவர்கள் அல்லர்.

இயங்கும் முறை

கிரேப் கார்களை நாம் நன்கு அறிவோம். கார் ஓட்டுநருடையது, செயலியும் விலையும் நிறுவனத்துடையது. ஃபிளிக்ஸ்பஸ்ஸும் ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் இது தனி ஓட்டுநர்களுடன் அல்லாமல், உள்ளூர்ப் பேருந்து நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு சிறு நகரில் பள்ளிச் சுற்றுலாவுக்கும் திருமணத்திற்கும் பேருந்து விடும் குடும்ப நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பேருந்தை வாங்குவது, ஓட்டுநருக்குச் சம்பளம் தருவது, எண்ணெய் நிரப்புவது, பழுது பார்ப்பது ஆகிய அனைத்தும் அக்குடும்பத்தின் பொறுப்பு. எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு, என்ன விலைக்கு ஓட வேண்டும் என்று முடிவு செய்வது ஃபிளிக்ஸ்பஸ். விளம்பரம், டிக்கெட் விற்பனை, வாடிக்கையாளர் சேவை ஆகியவையும் அதனுடையவை. டிக்கெட் வருமானத்தில் பெரும்பங்கு பேருந்து உரிமையாளருக்கும், எஞ்சியது ஃபிளிக்ஸ்பஸ்ஸுக்கும் செல்கிறது.

விலை நிர்ணயிக்கும் முறை ஏர் ஆசியா டிக்கெட் வாங்கிப் பழகிய நமக்குப் புதிதன்று. முன்கூட்டியே வாங்கினால் மலிவு. இருக்கைகள் நிரம்ப நிரம்ப விலை ஏறும். 50 இருக்கைகள் கொண்ட பேருந்தில் 15 பேர் இருந்தாலும் 45 பேர் இருந்தாலும் ஓட்டுநரின் சம்பளமும் எண்ணெய்ச் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே காலியாகச் செல்லும் இருக்கையை மலிவாக விற்பதும் இலாபமே. மேலும், மியூனிக்கிலிருந்து பெர்லின் செல்லும் பேருந்து வழியில் நியூரம்பர்க்கில் நிற்குமானால், அங்கே இறங்குபவரின் இருக்கையை அங்கே ஏறுபவருக்கு இன்னொரு முறை விற்கலாம். தடங்கள் பெருகப் பெருக இவ்வாறு விற்கும் வாய்ப்பும் பெருகும். சிறிய நிறுவனங்களால் எட்டமுடியாத பலம் இதுதான்.

கடல் கடந்த பயணம்

2015இல் பிரான்ஸ் தன் பேருந்துச் சந்தையைத் திறந்தபோது ஃபிளிக்ஸ்பஸ் அங்கும் நுழைந்தது. 2018இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஃபிளிக்ஸ்டிரெயின் என்ற பெயரில் இரயிலும் விட்டது. 2019இல் துருக்கியின் பழம்பெரும் நிறுவனமான காமில் கோச் அதனுடன் சேர்ந்தது.

2021 அக்டோபரில் நடந்ததே மிகப் பெரிய திருப்பம். 1914இல் தோன்றி, அமெரிக்கப் பேருந்துப் பயணத்திற்கே அடையாளமாக விளங்கிய கிரேஹவுண்டை ஃபிளிக்ஸ்பஸ்ஸின் தாய் நிறுவனம் வாங்கியது. விலை, உடனடியாக 46 மில்லியன் டாலர், பின்னர் 32 மில்லியன் டாலர். கிரேஹவுண்டுக்குச் சொந்தப் பேருந்துகளும் ஓட்டுநர்களும் இருந்ததால், பேருந்து இல்லாத நிறுவனம் முதன்முறையாகப் பெரும் எண்ணிக்கையில் பேருந்துகளுக்கு உரிமையாளரானது.

2024 பிப்ரவரியில் இந்தியாவில் டில்லியை மையமாகக் கொண்டு சேவை தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தென்னிந்தியாவுக்கும் வந்தது. பெங்களூரிலிருந்து சென்னை, கோயம்புத்தூர், மதுரை செல்லும் தமிழர்களும் இன்று இந்தப் பச்சைப் பேருந்தில் ஏறலாம்.

மலிவின் மறுபக்கம்

இவ்வளர்ச்சியால் பயணிகளுக்குக் கிடைத்த நன்மை உண்மையானது. பேருந்தில் இலவச இணையம் தரப்பட்டது. டாய்ச்ச பான் 2017இல் தன் அதிவேக இரயில்களின் இரண்டாம் வகுப்பிலும் இலவச இணையம் வழங்கியது. மலிவு டிக்கெட்டுகளையும் கூடுதலாக விற்றது. போட்டி இருந்ததால் பேருந்தில் ஏறாதவரும் பயனடைந்தார்.

ஆனால் செலவு மறைந்துவிடவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் ஜெர்மனியில் சேவை நிறுத்தப்பட்டது. மே மாத இறுதிவரை பேருந்துகள் ஓடவில்லை. டிக்கெட் வருமானத்தைப் பங்கிடும் ஏற்பாட்டில், டிக்கெட் இல்லாவிட்டால் பங்கும் இல்லை. ஆனால் பேருந்தின் கடன் தவணை, அதை வாங்கியவரின் தலையில்தான். நல்ல காலத்தில் பேருந்து இல்லாதிருப்பது சிக்கனம். கெட்ட காலத்தில் அது பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு சிறிய உரிமையாளருக்குக் கிடையாது. சந்தையில் 90 விழுக்காட்டை ஒரே நிறுவனம் வைத்திருக்கும்போது, "உங்கள் ஒப்பந்தம் வேண்டாம், வேறொருவரிடம் போகிறேன்" என்று அவரால் எளிதில் சொல்லவும் முடியாது.

அமெரிக்காவில் இன்னொரு வகையான இழப்பைக் காண்கிறோம். கிரேஹவுண்டை வாங்கியபோது, நகர மையங்களில் இருந்த பல பேருந்து நிலையங்கள் அந்த விற்பனையில் சேரவில்லை. விலைமதிப்புள்ள அந்த நிலங்களைப் பழைய உரிமையாளர் தனியே விற்றார். 2023 ஜூனில் பிலடெல்பியா நகரின் நிலையத்தைவிட்டு கிரேஹவுண்ட் வெளியேறியது. பயணிகள் கூரையோ கழிப்பறையோ இல்லாத சாலையோர நடைபாதையில் மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்தனர். நிலையத்திற்கான செலவு குறைந்தது. ஆனால் அதை மழையிலும் வெயிலிலும் நின்று ஈடுகட்டியவர்கள், வேறு வழியில்லாத ஏழைப் பயணிகள்.

சிந்தனைக்கு

ஃபிளிக்ஸ்பஸ்ஸின் கதையை வெறும் வெற்றிக் கதையாகவோ, ஏமாற்றுக் கதையாகவோ படிப்பது பிழையாகும். எண்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த சந்தையைத் திறந்ததால் மில்லியன் கணக்கான மக்கள் குறைந்த செலவில் பயணம் செய்ய முடிந்தது. அதே வேளையில், பொருளை வைத்திருப்பவரைவிட, வாடிக்கையாளரின் பெயர்ப் பட்டியலையும் விலையையும் கையில் வைத்திருப்பவரே வலிமை பெறுகிறார் என்பதையும் இக்கதை நமக்குக் காட்டுகிறது. உணவு விநியோகம், தங்கும் விடுதி, வாடகைக் கார் என நாம் அன்றாடம் பயன்படுத்தும் பல சேவைகள் இதே பாதையில்தான் செல்கின்றன.

நம்மில் சிலர் நாளை தொழில்முனைவர் ஆகலாம். சிலர் சட்டம் வகுக்கும் இடத்தில் அமரலாம். பலர் பயணிகளாகவே இருக்கலாம். யாராக இருந்தாலும், ஐந்து யூரோ டிக்கெட்டைப் பார்க்கும்போது "எவ்வளவு மலிவு!" என்று மகிழ்வதோடு நின்றுவிடாமல், "மீதிப் பணத்தை யார் கட்டுகிறார்?" என்றும் கேட்கப் பழகுவோம். போட்டியைத் திறந்துவிடுவது சட்டத்தின் முதல் வேலை மட்டுமே. திறந்த பின் அந்தப் போட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே அதன் நெடிய வேலை.