பல்லுக்கும் ஒரு துண்டு வேண்டும்

நெல்லை ஆலையில் கொடுத்தால் நிறைத்துண்டு கேட்கிறோம். சங்கத்தில் கடன் கட்டினால் கொப்பியில் பதிகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறோம். பசளை வாங்கினாலும் பற்றுச்சீட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைக்கிறோம். ஆனால் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வரும்போது எங்கள் கையில் என்ன இருக்கிறது? நாலு மாத்திரையும் வாயில் கடித்த பஞ்சும்தான்.

சொந்த ஊரில் ஒரே வைத்தியரிடம் இருபது வருடம் போய் வந்தவருக்கு இது குறையாகத் தெரிந்திருக்காது. அவர் முகத்தைக் கண்டவுடனேயே வைத்தியருக்கு எல்லாம் நினைவில் வரும். இடம்பெயர்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்த குடும்பங்கள் பல தரம் இடம் மாறின. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வைத்தியர். முன்பு நடந்ததைச் சொல்ல எழுத்து ஒன்றுதான் உண்டு. அந்த எழுத்து நோயாளியை மட்டுமல்ல, வைத்தியரையும் காக்கிறது.

"சொன்னேன்", "சொல்லவில்லை"

ஒரு கமக்காரரை எண்ணிப் பாருங்கள். கீழ் வலது கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத குத்து. பட்டணத்தில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் போகிறார். பல்லைப் பிடுங்காமல் வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றலாம் என்கிறார் வைத்தியர். மூன்று தரம் போகிறார். வெங்காயம் விற்ற காசு முழுவதும் அதற்கே போகிறது. நோவு நிற்கிறது. ஆறு மாதத்தில் அதே பல் இரண்டாகப் பிளக்கிறது.

"டொக்டர், இவ்வளவு காசும் குடுத்து இப்படியாப் போச்சே!"

"ஐயா, மேலே ஒரு கவசம் போடவேணும் எண்டு அப்பவே சொன்னனான்தானே?"

"நீங்கள் அப்படி ஒண்டும் சொல்லேல்லை, டொக்டர்."

இதில் பொய் சொல்பவர் யார்? ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் இலகுவில் உடையக்கூடியது. அதற்குப் பெரும்பாலும் மேற்கவசம் தேவை. வைத்தியர் அதைச் சொல்லியிருக்கலாம். விறைப்பூசி போட்ட வாயோடும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற பதைப்போடும் இருந்தவர் காதில் அது விழாமல் போயிருக்கலாம். "கவசம் தேவை என்று விளக்கப்பட்டது; பிறகு வருவதாகச் சொன்னார்" என்று ஒரு வரி அன்றைக்கே எழுதப்பட்டு, அதன் பிரதி நோயாளியிடமும் இருந்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை. பல்லும் தப்பியிருக்கும்.

வைத்தியரின் ஏட்டில் இருக்க வேண்டியவை

முதலாவது, உடல்நிலை. சீனி வருத்தம் உள்ளவருக்குப் புண் ஆறச் சுணங்கும். இரத்தம் உறையாதிருக்க அஸ்பிரின், வார்பரின் போன்ற குளிசை எடுப்பவருக்கு இரத்தம் நிற்க நேரமெடுக்கும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே இனத்தைச் சேர்ந்த அமொக்சிசிலின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். இவற்றை வைத்தியர் கேட்டு எழுத வேண்டும். நாங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பல் என்பது. பல் வைத்தியர்கள் இதற்கு ஈரிலக்க எண் ஒன்றைப் பாவிப்பார்கள். முதல் இலக்கம் வாயின் பகுதியைக் காட்டும். எங்கள் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது இலக்கம் நடுப்பல்லில் இருந்து எண்ணி வரும் இடம். ஆகவே 46 என்றால் கீழ் வலதில் ஆறாவது பல். பிடுங்குவதற்கு முன் விரலை வைத்து, "இந்தப் பல்தானே, டொக்டர்?" என்று கேட்பதில் வெட்கமில்லை. நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டால் திரும்ப நடமுடியாது.

மூன்றாவது, என்ன கண்டார், எக்ஸ்றே எடுத்தாரா, வேறு என்ன வழிகள் உண்டு என்று சொன்னார், நோயாளி எதற்குச் சம்மதித்தார் என்பவை. வேண்டாம் என்று நோயாளி மறுத்தால் அதுவும் பதியப்பட வேண்டும். வரச் சொன்ன நாளில் வராவிட்டால் அதுவும்.

நாலாவது, பிறகு சொன்ன புத்திமதி. பல் பிடுங்கி இரண்டு மூன்று நாளில் சிலருக்குக் கடும் நோவு வரும். குழியில் உறைந்த இரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிவதே காரணம். வைத்தியர் பிழை விடாமலும் இது வரலாம். "வாயைப் பலமாகக் கொப்பளிக்கக் கூடாது, சுருட்டுப் பிடிக்கக் கூடாது, நோவு கூடினால் உடனே வரவும்" என்று சொன்னது எழுத்தில் இருந்தால் இரு பக்கத்துக்கும் நல்லது.

வெற்றிலை போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தால், அதன் இடத்தையும் அளவையும் திகதியோடு எழுதி வைப்பார்கள். அடுத்த தரம் அது பெருத்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது புற்றுநோயை வேளைக்குக் கண்டுபிடிக்க உதவும். கொப்பி தொலைந்தால் ஒப்பிட ஒன்றுமில்லை.

பிழையை அழிக்கக் கூடாது

எழுதியது பிழையானால் ஒற்றைக் கோடு கீறி, சரியானதை எழுதி, திகதியும் ஒப்பமும் இட வேண்டும். சுரண்டி அழித்த ஏட்டையும், பிணக்கு வந்த பின் நுழைத்த வரியையும் நீதிமன்றம் நம்பாது. உண்மையாய் நடந்த வைத்தியரும் அழித்து எழுதிய ஒரு வரியால் கள்ளனாகத் தெரிவார்.

பற்றுச்சீட்டும் ஏடும் ஒன்றையே சொல்ல வேண்டும்

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல் சிகிச்சை இலவசம். தனியார் இடத்தில் வேலை தொடங்கும் முன்பே மொத்தம் எவ்வளவு, எத்தனை தரம் வரவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முற்பணம், மிச்சம், எந்தப் பல்லுக்கு என்ன வேலை என்பவை தனித்தனியே இருக்க வேண்டும். "சிகிச்சை" என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு தொகை மட்டும் உள்ள சீட்டு பயன் குறைந்தது. செய்யாத வேலைக்குச் சீட்டு எழுதுவது வைத்தியருக்கே பெரிய ஆபத்து.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, ஒழுங்காக வைக்கப்பட்ட கணக்கேட்டை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அது மட்டுமே ஒருவரைப் பொறுப்பாளியாக்கப் போதாது. ஆகவே கணக்கும் சிகிச்சை ஏடும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்க வேண்டும்.

பிணக்கு வந்தால்

முதலில் அமைதியாக வைத்தியரோடேயே பேசுங்கள். பல பிணக்குகள் அங்கேயே தீரும். சிறு பணப் பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபை உண்டு. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு, அவர்களைப் பதிவு செய்யும் இலங்கை மருத்துவச் சபைக்குப் போகும். வழக்குத்தான் வழி என்றால், வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். ஆனால் காலம் கடத்த வேண்டாம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் உடற்காயத்துக்கு நட்டஈடு கேட்க இரண்டு வருடம்தான் தருகிறது.

ஒன்றை மனதில் வையுங்கள். 1992இல் இறந்த ஒரு சிறுமி தொடர்பான வழக்கில், வைத்தியத்தில் கவனக்குறைவு இருந்தாலும் அதனாலேதான் மரணம் வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் 2001இல் வழக்கைத் தள்ளியது. துக்கம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. எது எப்போது நடந்தது, எதனால் எது வந்தது என்பதைக் காட்ட வேண்டும். அதற்கு அன்றன்றைக்கு எழுதிய எழுத்தை விட நல்ல சாட்சி இல்லை.

நாங்கள் இன்றைக்கே செய்யக்கூடியவை

1. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. முதற்பக்கத்தில் பெயர், வருத்தங்கள், எடுக்கும் குளிசைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள்.

2. ஒவ்வொரு தரமும் திகதி, வைத்தியர் பெயர், பல்லின் எண், செய்த வேலை, கட்டிய காசு. எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிச் செல்லலாம்.

3. மருந்துத் துண்டு, பற்றுச்சீட்டு, எக்ஸ்றே எல்லாவற்றையும் காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள்.

4. முடிந்தால் ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள்.

துண்டு கேட்டால் வைத்தியர் கோவிப்பாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல வைத்தியர் அதை விரும்பியே தருவார். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அவருக்கும் அதுதான் துணை. அவசரத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தால் எடுக்கும் அந்தச் சிறு பைக்குள் உங்கள் வாயின் வரலாறும் இருக்கட்டும்.