டாக்கில் சொருகியும் லேப்டாப் சார்ஜ் ஏறலையா? பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி இந்த வாட் கணக்கைப் பாருங்க!

காரிமங்கலத்தில் வீட்டில் இருந்தபடியே ஓசூர், பெங்களூரு கம்பெனிகளுக்கு லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட் கேபிள் எல்லாவற்றையும் ஒரே வயரில் இணைத்துத் தரும் பெட்டிதான் டாக்கிங் ஸ்டேஷன். சுருக்கமாக டாக். அதே வயர் வழியாக லேப்டாப்புக்கு சார்ஜும் ஏறும் என்பதால் மேஜையில் வயர் குப்பை குறைகிறது.

ஆனால் சிலருக்கு டாக்கில் சொருகிய பிறகுதான் தலைவலியே ஆரம்பிக்கிறது. 'பிளக் இன்' என்று காட்டும், சார்ஜ் ஏறாது. இல்லையென்றால் காலையில் 90 சதவீதமாக இருந்தது, சொருகியபடியே இருந்தும் மதியத்துக்குள் 40 ஆகிவிடும். உடனே 'பேட்டரி போச்சு' என்று முடிவு கட்டி, சர்வீஸ் சென்டர் தேடி தருமபுரிக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். சில ஆயிரங்கள் செலவு செய்து பேட்டரி மாற்றியும் பிரச்னை அப்படியே இருந்தால்?

கொஞ்சம் பொறுங்க. கோளாறு டாக் பக்கம் இருக்கிறதா, லேப்டாப் பக்கம் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே 20 நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

முதல் சோதனை இதுதான்

டாக்கைக் கழற்றி வையுங்கள். லேப்டாப்புடன் வந்த ஒரிஜினல் சார்ஜரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகி 20 நிமிடம் விடுங்கள்.

சார்ஜ் ஒழுங்காக ஏறினால், பேட்டரியும் லேப்டாப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு டாக்கிலோ, அதன் அடாப்டரிலோ, கேபிளிலோதான். அப்போதும் ஏறவில்லை என்றால், டாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. சார்ஜர், லேப்டாப்பின் சார்ஜிங் போர்ட், பேட்டரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கரண்ட் எங்கே போகிறது?

டாக் சொந்தமாகக் கரண்ட் தயாரிப்பதில்லை. அடாப்டர் தருவதைப் பங்கு போட்டுத்தான் கொடுக்கிறது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரே பைப் இறங்கி சமையலறை, குளியலறை, தோட்டம் என்று பிரிகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழாயையும் திறந்தால் கடைசிக் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வரும்.

உதாரணத்துக்கு, 65 வாட் அடாப்டரை டாக்கில் சொருகுகிறீர்கள். டாக் தன் தேவைக்கும் பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க்குக்கும் சேர்த்து 15 வாட் எடுத்துக்கொண்டால் லேப்டாப்புக்கு மிஞ்சுவது 50 வாட். லேப்டாப்புக்குத் தேவை 65 வாட் என்றால், வீடியோ மீட்டிங் ஓடும் நேரத்தில் பற்றாக்குறையைப் பேட்டரிதான் ஈடுகட்டும். அதனால்தான் சொருகியிருக்கும்போதே சார்ஜ் இறங்குகிறது.

எத்தனை வாட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடாப்டரின் அடியில் 'அவுட்புட்' என்ற வரியைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். லேப்டாப் சார்ஜரிலும் இதே கணக்கைப் போடுங்கள். டாக் தருவது அதைவிடக் குறைவாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

விண்டோஸ் 11 லேப்டாப்பில் செட்டிங்ஸ் போய் 'பவர் அண்ட் பேட்டரி' பகுதியைத் திறந்தால், கரண்ட் போதாதபோது 'ஸ்லோ சார்ஜர்' என்ற எச்சரிக்கை வரலாம். மேக்புக்கில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' உள்ளே 'பவர்' பகுதியில் எத்தனை வாட் வருகிறது என்றே காட்டும்.

அடிக்கடி நடக்கும் 5 சிக்கல்கள்

1. கேபிள்: டைப்-சி கேபிள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சாதாரண கேபிள் 3 ஆம்பியர், அதாவது அதிகபட்சம் 60 வாட்தான் தாங்கும். 100 வாட் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் தேவை. போனுடன் வந்த கேபிளை டாக்கில் போட்டால் இங்கேயே அடிபடும்.

2. தப்பான போர்ட்: லேப்டாப்பில் உள்ள எல்லா டைப்-சி போர்ட்டும் சார்ஜ் வாங்காது. சில போர்ட் டேட்டாவுக்கு மட்டும்தான். பக்கத்தில் பிளக், பேட்டரி அல்லது மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ஹப்பாக இருந்தால், 'பிடி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட போர்ட்டில்தான் அடாப்டரைச் சொருக வேண்டும்.

3. பழைய யூஎஸ்பி வகை டாக்: பட்டையான பழைய யூஎஸ்பி முனையில் இணையும் டாக், மானிட்டரை ஓட்டும். லேப்டாப்பை சார்ஜ் செய்யாது. உருண்டைப் பின் சார்ஜர் கொண்ட பல பழைய லேப்டாப்புகளுக்கும் டாக்கோடு தனி சார்ஜர் தேவைப்படும்.

4. கம்பெனி வித்தியாசம்: டெல்லின் டபிள்யூடி19 டாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 180 வாட் அடாப்டர் கொண்ட மாடல், டெல் லேப்டாப்புக்கு 130 வாட் வரை கொடுக்கும். வேறு கம்பெனி லேப்டாப் என்றால் 90 வாட் வரைதான்.

5. 80 சதவீத வரம்பு: பேட்டரி ஆயுளைக் காக்க, 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பல லேப்டாப்புகளில் உண்டு. எப்போதும் அதே இடத்தில் நின்றால் அது கோளாறு இல்லை, செட்டிங்.

கரண்ட் போய் வந்த பிறகு வேலை செய்யலையா?

கரண்ட் கட் ஆகித் திரும்பும்போது சில டாக் குழம்பிப்போய் சார்ஜ் கொடுக்காமல் நிற்கும். டாக்கின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். லேப்டாப் வயரையும் மற்ற வயர்களையும் கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். லேப்டாப்பை ஷட் டவுன் செய்து பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு முதலில் டாக்குக்குக் கரண்ட், அடுத்து லேப்டாப், கடைசியாக மற்றவை என்று ஒவ்வொன்றாக இணையுங்கள்.

லோ வோல்டேஜ்தான் காரணமா என்ற சந்தேகமும் வரும். அடாப்டரில் 'இன்புட் 100–240 வோல்ட்' என்று இருந்தால், விளக்கு மங்கும் அளவு வோல்டேஜ் குறைந்தாலும் பெரும்பாலும் அது சமாளித்துவிடும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் டாக்குக்கும் லேப்டாப்புக்கும் புதிய அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். மின்வாரியம் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் டாக்கே முடங்கலாம்.

பின் ஒன்று, வாட் வேறு

டைப்-சி முனைக்கான இந்தியத் தர நிர்ணயத்தை பிஐஎஸ் அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லேப்டாப்புகளுக்கும் டைப்-சி கட்டாயம் என்ற விதிக்கான தேதி 2026 ஏப்ரல் 28. முனை ஒன்றாவதால் எந்த சார்ஜரும் எதிலும் சொருகும். ஆனால் சொருகுகிறது என்பதாலேயே போதுமான கரண்ட் வருகிறது என்று அர்த்தமில்லை. புது டாக் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்க்காமல், 'லேப்டாப்புக்கு எத்தனை வாட் போகும்?' என்று கேட்டு வாங்குங்கள்.

எப்போது கடைக்குப் போகணும்?

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். கருகிய வாசனை வந்தாலும், பின் கை வைக்க முடியாத அளவு சூடானாலும் உடனே சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். இதில் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். போகும்போது லேப்டாப்புடன் சார்ஜர், டாக், கேபிள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். லேப்டாப்பை மட்டும் கொடுத்தால், 'இங்கே நல்லாத்தானே சார்ஜ் ஏறுது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்!