சீழா, புற்றா?

நாற்பதைத் தாண்டிய ஆண். குடிப்பழக்கம் உண்டு. பத்து நாளாகக் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே வலி, இருமினால் பிடித்து இழுக்கிறது. ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கம் பெரிய கட்டி, நடுவில் நீர் கோத்திருக்கிறது. மருத்துவருக்கு முதலில் தோன்றுவது அமீபா சீழ்க்கட்டிதான். தோன்றுவதும் நியாயமே. யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வுகளில் இந்தச் சீழ்க்கட்டியோடு வந்தவர்களில் பெரும்பாலோர் கள் குடிக்கும் ஆண்கள்.

ஆனால், வருடக்கணக்கான குடி ஈரலைச் சுருங்க வைக்கும். சுருங்கிய ஈரலில்தான் புற்றுநோயும் பெரும்பாலும் வேர் பிடிக்கும். இரண்டு நோய்க்கும் ஆள் ஒருவரே!

புற்றுநோய்க்குக் காய்ச்சல் ஏன்? கட்டி வேகமாக வளர்ந்தால் நடுப்பகுதிக்கு ரத்தம் போதாமல் திசு செத்துக் கூழாகும். அதற்கே காய்ச்சல் அடிக்கலாம், வெள்ளணுக்களும் எகிறும். சில சமயம் அங்கே கிருமி புகுந்து நிஜமாகவே சீழ் பிடிக்கும். சீழில் கிருமி தெரிந்ததும் தேடல் அதோடு நின்றுபோகும் ஆபத்து உண்டு.

குட்டை உடைப்பது பெரும்பாலும் மருந்துதான். அமீபா கட்டி என்றால், மெட்ரோனிடசோல் தொடங்கி மூன்று நாளில் பொதுவாகக் காய்ச்சல் இறங்கும், வலி குறையும். ஸ்கேனில் குழி மறைய மாதங்கள் ஆகலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். மருந்து முடிந்தும் காய்ச்சல் விடாமல், எடை இறங்கி, கட்டியும் பெருத்தால்தான் சந்தேகிக்க வேண்டும். ஊசியில் எடுத்தது சாக்லேட் நிறச் சீழாக இல்லாமல் வெறும் ரத்தமாக வந்தாலும் அப்படியே.

அடுத்தது, சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். நல்ல ஈரலுக்கு ரத்தம் பெரும்பகுதி குடலிலிருந்து வரும் சிரை வழியே வருகிறது. புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தை உறிஞ்சுகிறது. அதனால் சாயம் ஏறிய சில நொடிகளில் கட்டியின் உயிருள்ள பகுதி பளிச்சிட்டு, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட மங்கும். சீழ்க்கட்டியிலோ ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும். ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் உதவும். ஆனால் அது சரியாக இருப்பதாலேயே புற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐயம் தீராவிட்டால் திசுப் பரிசோதனை.

ஹெபடைடிஸ் பி அல்லது சி, ஈரல் சுருக்கம் இவற்றில் எது இருந்தாலும் காய்ச்சலுக்குப் போகும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வது, காய்ச்சலோ வலியோ வருமுன்னே கட்டியைச் சிறிதாகப் பிடிப்பதற்குத்தான்.